நீட்டும் கால், மறைக்கும் கால்

கபடியில் ஒரு ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அவன் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்பார் எங்கள் மாஸ்டர். உள்ளே ஆடும்போது எல்லாருமே கொஞ்சம் நடிப்பார்கள். கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார வைக்கிறார்களே, அங்கேதான் உடம்பு உண்மையைப் பேசும். எந்த முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறான்? தண்ணீரைக் குடிக்கிறானா, முகத்தில் அடித்துக்கொள்கிறானா? தன்னைப் பிடித்தவனையே முறைத்துக்கொண்டிருக்கிறானா, அல்லது அடுத்து உள்ளே போனால் யாரைத் தொடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறானா? இதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லி அவர் என் கையில் ஒரு லாங் சைஸ் நோட்டைக் கொடுத்தார்.

1999 முதல் 2004 வரை இரும்புலியூர்ப் பக்கம் ஒரு சின்ன டீமில் நான் இருந்தேன். ஆடினேன் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். பன்னிரண்டு பேரில் நான் ஒன்பதாவதோ பத்தாவதோ. டீமில் இரண்டு பேர் மெப்ஸில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைப்பவர்கள், ஒருத்தர் திரிசூலம் பக்கம் கல்லுடைக்கும் இடத்தில் வேலை, ஒருத்தர் மின்சார ரயில் ஷெட்டில் கான்ட்ராக்ட், மீதிப் பேர் படித்துக்கொண்டோ வேலை தேடிக்கொண்டோ இருந்தவர்கள். மாஸ்டர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் நல்ல ரைடராம். அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவராகச் சொன்னதும் இல்லை. ஏரி வற்றும் மாதங்களில் ஏரிக்குள்ளேயே ஒரு ஓரமாகக் கோடு போட்டு ஆடுவோம். மழைக்காலத்தில் எங்கே காலி மனை கிடைக்கிறதோ அங்கே. தாம்பரத்தைச் சுற்றி அப்போது காலி மனைகள் இருந்தன.

பொங்கல் வந்தால் மண்ணிவாக்கம், படப்பை, மாடம்பாக்கம், அகரம்தென் என்று எந்தத் திசையில் போனாலும் ஏதாவது ஒரு ஊரில் ராத்திரி கபடிப் போட்டி இருக்கும். எங்கள் ஆட்டம் இல்லாத நாட்களில் நான் சைக்கிளில் போய் மற்ற டீம்கள் ஆடுவதைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். பெஞ்சில் உட்கார்கிறவனுக்கு மாஸ்டர் கண்டுபிடித்துக் கொடுத்த வேலை அது.

நோட்டில் ஒரு ரைடருக்கு ஒரு பக்கம். எந்தக் காலை முன்னே வைத்து வருகிறான், எந்தப் பக்கமாக நுழைகிறான், கண் எங்கே போகிறது என்பதெல்லாம் இருக்கும். சில பேர் தொடப் போகிற ஆளைப் பார்க்கவே மாட்டார்கள். அப்படிப்பட்டவன் உங்களை முறைத்தால் பக்கத்தில் நிற்கிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்புறம் மூச்சு. இன்றைக்கு டிவியில் பார்க்கிற ஆட்டத்தில் ஒரு ரைடுக்கு 30 வினாடி என்று கடிகாரம் ஓடுகிறது. அன்றைக்கு எங்கள் பக்கத்துப் போட்டிகளில் மூச்சுதான் கடிகாரம். கபடி கபடி என்கிற பாட்டு எந்த இடத்தில் மெலிகிறது, மெலிந்த பிறகு எத்தனை அடி எடுத்து வைக்கிறான் என்று எண்ணி எழுதுவேன்.

கேச்சர்களுக்கு வேறு கேள்விகள். கார்னர் முந்திக்கொண்டு பாய்கிறவனா, கால் நீளும்வரை காத்திருக்கிறவனா? கவர் தனியாக வந்து இடித்துத் தள்ளுவானா, கை கோத்துச் சங்கிலியாக வருவானா? சங்கிலி என்றால் அதில் இழுக்கிறவன் யார், இழுபடுகிறவன் யார்? ஏழு பேரில் குரல் கொடுப்பது யார்? அவன் அவுட்டாகிப் போனால் மற்றவர்கள் ஊமையாகிவிடுகிறார்களா?

கடைசியாக டீமுக்கு ஒரு பக்கம். இது கொஞ்சம் கணக்கு தெரிந்தவர்களுக்கான பக்கம். கபடியில் அவுட்டானவர்கள் அவுட்டான வரிசையிலேயே திரும்ப உள்ளே வருவார்கள். ஒருத்தரைத் தொட்டாலோ பிடித்தாலோ கிடைக்கிற பாயின்டுக்கு ஒரு ஆளுக்கு உயிர் வரும். போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கிற பாயின்டுக்கு யாருக்கும் உயிர் வராது. ஆகவே எதிரணியின் முதல் ரைடரை வெளியே உட்கார வைத்துவிட்டால், அவர்களுடைய இரண்டாவது ரைடர் போனஸ் எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். அவன் கையிலோ காலிலோ மட்டும் யாரும் பட்டுவிடக் கூடாது. எல்லாரும் பின்னால் ஒதுங்கிவிட வேண்டும். போனஸ் கிடைப்பதே எங்கள் பக்கம் ஆறு பேராவது நிற்கும்போதுதான் என்பதால் இப்படி விட்டுக்கொடுக்க முடிந்தது. பெரிய ஆள் வெளியே உட்கார்ந்து ஆட்டத்தை வேடிக்கை பார்க்கிற ஒவ்வொரு நிமிஷமும் எங்களுக்கு லாபம். அந்த நிமிஷங்களில் எந்த டீம் அவசரப்படும், எது பொறுமையாக இருக்கும் என்பதுதான் நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது.

இதையே உலகத்தில் வேறு சிலர் பெரிய சம்பளத்துக்குச் செய்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அக்கா மகன் டல்லஸில் இருக்கிறான். 2019-ல் அங்கே மூன்று மாதம் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்தைப் போட்டுவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான். முதல் இரண்டு வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலால் உதைப்பது அபூர்வமாக நடக்கிற ஒரு ஆட்டத்துக்கு எதற்கு அந்தப் பெயர் என்றுகூடக் கேட்டேன். "மாமா, சடுகுடுன்னு நெனச்சிப் பாருங்க. எல்லாம் புரியும்" என்றான். பார்த்தேன். புரிய ஆரம்பித்தது.

ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நின்று, எல்லாரும் மறுபடி வரிசை கட்டுகிறார்கள். இந்த நிறுத்தம்தான் முக்கியம். நம்முடைய கால்பந்து ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே வெட்டி எழுதுவது என்று தெரியாது. கபடியும் அமெரிக்கக் கால்பந்தும் துண்டு துண்டாக நடக்கிற ஆட்டங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு தொடக்கமும் முடிவும் உள்ள கேள்வி. அதனால் எண்ணலாம், அடுக்கலாம், வழக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். அங்கே என்.எஃப்.எல். அணிகள் தங்கள் ஆட்டப் படங்களை ஒன்றுக்கொன்று கொடுத்தாக வேண்டும் என்பது விதி. வாரம் முழுக்க அந்தப் படத்தைப் பார்க்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாவது முயற்சியில் தூரம் அதிகம் மிச்சமிருந்தால் இவர்கள் என்ன செய்வார்கள், பந்தை எறிகிறவன் நெருக்கடி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவான் என்று தாள் தாளாக எழுதுகிறார்கள். அக்கா மகனோடு வேலை செய்கிறவரின் பையன் பள்ளிக்கூட அணியில் ஆடினான். அந்த வார எதிராளியைப் பற்றிய குறிப்பு அவன் டேப்லெட்டில் வந்திருந்தது. வாங்கிப் பார்த்தேன். என் நோட்டுதான். கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது.

எதிராளியை எடை போடுவது நமக்குப் புதிதில்லை. திருக்குறளில் வலியறிதல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 48-வது. அதன் முதல் குறளில் வள்ளுவர் நான்கு வலிமைகளை நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார்: செய்யப் போகிற காரியத்தின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, இரண்டு பக்கத்துக்கும் துணை நிற்பவர்களின் வலிமை. அந்த வரிசையைக் கவனித்தால் எதிராளி மூன்றாவதாகத்தான் வருகிறான். அவனுக்கு முன்னால் காரியமும் நாமும் நிற்கிறோம். அதோடு விடாமல் அடுத்த அதிகாரம் காலமறிதல், அதற்கடுத்தது இடனறிதல்.

மாஸ்டர் குறள் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை எங்கள் டீமுக்கே ஒதுக்கச் சொன்னார். அதில் எழுதியதை யாரிடமும் காட்டக் கூடாது, அவரிடம் மட்டும்தான். "நம்மளப் பத்தி எழுதும்போது கை நடுங்கும் பாரு, அங்க அழுத்தி எழுது" என்பார். எங்கள் ரைட் கார்னருக்கு நான்கு ரைடு வேலை இல்லாமல் நின்றால் பொறுமை போய்விடும் என்று அந்தப் பக்கத்தில்தான் எழுதினேன்.

காலமும் இடமும் எங்களுக்கு நேரடியான விஷயங்கள். தை மாதத்தில் எட்டு மணிக்கு என்று போட்டிருக்கும் ஆட்டம் தொடங்க ராத்திரி ஒரு மணி ஆகும். அதற்குள் பனி இறங்கி மேல்மண் ஈரமாகிவிடும். எட்டு மணிக்கு மின்னல் மாதிரி இருந்த ரைடர் ஒரு மணிக்கு வழுக்குவான். ஃபோகஸ் லைட்டை ஒரே பக்கம் கட்டியிருந்தால் நிழல் நீளமாக விழும். ரைடரின் நிழல் அவனுக்கு முன்னால் வந்து சேர்கிற பக்கத்தில் நிற்கும் கார்னருக்கு அது ஒரு கண் கூடுதலாக இருப்பது மாதிரி. டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் கேட்பது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வோம். இப்போது மேட்டில், ஷூ போட்டுக்கொண்டு, கூரைக்குக் கீழே ஆடுகிறார்கள். அந்தப் பக்கங்களை யாரும் எழுத வேண்டியதில்லை.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் நோட்டு பழசாகிக்கொண்டே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். மற்ற அணிகள் தலைவாஸைப் பற்றி எழுதியிருந்தால் அதில் பாதிப் பக்கம் பவனுக்குத்தான் போயிருக்கும். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முட்டியில் அடிபட்டு, அந்த சீசன் முழுக்க இல்லை. அதுவரை யாரும் பெரிதாகக் கேள்விப்படாத நரேந்தர் அந்த இடத்தில் ஓடி 240-க்கு மேல் ரைடு பாயின்ட் எடுத்தார். தலைவாஸ் முதல் முறையாக அரையிறுதி வரை போனது. ஒரு புது ஆளுக்கு எதிராளிகளின் நோட்டில் பக்கமே இருக்காது. அந்த வெற்றுப் பக்கம் அவனுக்குப் பெரிய பலம்.

துணை வலிமையை எடை போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஜகார்த்தா. ஆசிய விளையாட்டில் 1990-ல் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்குத்தான். 2018 அரையிறுதியில் ஈரான் 27-18 என்று நம்மை வீட்டுக்கு அனுப்பியது. ஃபஸல் அத்ராசலி போன்ற ஈரான் ஆட்கள் பல சீசன் நம் லீக்கிலேயே ஆடி, நம் ரைடர்களோடு ஒரே அறையில் தங்கி, அவர்கள் மூச்சை எண்ணிவிட்டுப் போனவர்கள். பெண்கள் இறுதியிலும் ஈரான்தான், 27-24. அந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். அவர்கள் எடை போட்டதில் ஒரு தப்பும் இல்லை. கண்ணுக்கு முன்னால் நடந்ததைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒன்று நோட்டுக்குள் வந்தால் என்ன செய்வது?

2003 பொங்கல். படப்பை ரோட்டில் ஒரு ஊர். காணும் பொங்கல் ராத்திரி அரையிறுதி. எதிராளி டீமில் ஏழாம் நம்பர் பனியன் போட்ட ரைடர். லாரியில் செங்கல் லோடு ஏற்றி இறக்குகிற பையன், இருபத்தொன்று இருபத்திரண்டு வயது இருக்கும். முந்தின இரண்டு ராத்திரி நான் அவனைப் பார்த்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். வலது காலை முன்னே வைத்து வருகிறான். திரும்பும்போது எப்போதும் தன் வலது பக்கமாகவே, வலது காலிலேயே சுழன்று திரும்புகிறான். இடது காலை ஊன்றித் திரும்பியதே இல்லை. இரண்டு முட்டியிலும் நீ-கேப் போட்டிருக்கிறான். இவ்வளவுதான் நான் கண்டது.

ஆட்டத்துக்கு முன்னால் வைக்கோல்போருக்குப் பின்னால் மாஸ்டர் எல்லாரையும் உட்கார வைத்து நோட்டைப் பிரித்தார். ரைட் கார்னர் கையைத் தூக்கினார். திரிசூலத்தில் வேலை செய்கிறவர் அவர்தான். எங்கள் டீமிலேயே பெரிய பிடி அவருடையது. கணுக்காலில் விழுந்தால் எடுக்க முடியாது.

"மாஸ்டர், அவனுக்கு எடது முட்டி போயிடிச்சி. மார்கழி மொத வாரம் புத்தூர் கட்டு போட்டிருக்கான். எங்க தெரு பையன் கை ஒடஞ்சி அங்க போனப்ப பாத்திருக்கான். மூணு கட்டு போடணும்னு சொன்னாங்களாம், ரெண்டோட வந்துட்டான். அடுத்த மாசம் ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷனாம், அதான் ரெண்டு முட்டிக்கும் மாட்டிக்கிட்டு ஆடறான். அவன் சோத்தாங்கைப் பக்கம் திரும்பறப்ப எடது கால் என் பக்கமா தொங்கும் மாஸ்டர். ஒரே பிடி. அதோட அவன் உள்ள வரமாட்டான்."

யாரும் பேசவில்லை. இடது கால் தொங்குவது நான் எழுதியதிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் தொங்குகிறது என்பதுதான் புதிது. கணுக்காலையும் முட்டியையும் பிடிப்பது ஆட்ட விதிப்படி தப்பே இல்லை. காலால் கத்திரி போட்டுப் பிடிப்பது, வாயைப் பொத்துவது, இதெல்லாம்தான் ஃபவுல்.

மாஸ்டர் என்னிடம், "அவன் வலது பக்கம் மட்டும்தான் திரும்புவான்னு எழுதியிருக்க இல்ல? அது போதும். இத எழுதாத" என்றார். பிறகு ரைட் கார்னரைப் பார்த்துச் சொன்னார்: "அவன் எந்தக் கால நீட்டறானோ அதப் புடி. எந்தக் கால மறைக்கிறானோ அதத் தேடிட்டுப் போவாத."

"புடிக்கத்தானே மாஸ்டர் நிக்கிறேன்?"

"நிக்கிற. அவன் நீட்டினா புடி. நானா வேணான்றேன்?"

அவன் இடது காலை நீட்ட மாட்டான் என்பதுதான் எல்லாருக்கும் தெரியுமே. ஆக, எங்கள் சிறந்த கேச்சரை நாங்களே பாதி வெளியே உட்கார வைத்தோம். திட்டம் இதுதான்: லெஃப்ட் கார்னர் அவனுடைய வலது காலுக்குக் காத்திருப்பது, லெஃப்ட் கவர் அவன் திரும்பும் வழியில் போய் மறிப்பது. திட்டம் மோசமில்லை. முதல் பாதியில் அவனை மூன்று முறை மறித்துப் பிடித்தோம். அவன் வெளியே இருந்த நேரத்தில் போனஸை விட்டுக்கொடுத்து அவனை உள்ளே வரவிடாமல் இழுத்தடித்தோம். இடைவேளையில் ஒரு பாயின்ட் முன்னால் இருந்தோம்.

இரண்டாவது பாதியில் அவனும் எங்களைப் படித்துவிட்டான். திரும்புவதற்கு முன்னால் பின்னுக்கே நாலடி நகர ஆரம்பித்தான். கடைசி நிமிஷத்தில் 27-27. அவன் வந்தான். லெஃப்ட் கவர் இடுப்பைக் கட்டினார். கட்டியவரையும் இழுத்துக்கொண்டு அவன் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்தான். அந்த இடது கால் ரைட் கார்னரின் கைக்கு ஒரு அடி தூரத்தில் மண்ணில் இழுபட்டுக்கொண்டிருந்தது. பெஞ்சிலிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் காலுக்குப் போகவில்லை. தோளுக்குப் போனார். தோள் வியர்வையில் வழுக்கியது. ஏழாம் நம்பரின் விரல் நடுக்கோட்டைத் தாண்டி மண்ணில் பட்டது. இரண்டு பேர் அவுட். 29-27. விசில்.

அந்தப் பையன் அடுத்த மாதம் தேர்வுக்குப் போனான். இரண்டாவது சுற்றில் முட்டி தாங்காமல் வெளியே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம். பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டினான். எங்கள் ரைட் கார்னர் இப்போது முடிச்சூரில் தண்ணீர் கேன் போடுகிறார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பார்க்கும்போதெல்லாம் அதே பேச்சுதான்: "நாம விட்டும் அவனுக்கு வேல கெடைக்கல. நமக்குக் கப்பும் கெடைக்கல. யாருக்கு என்னய்யா லாபம்?" மாஸ்டர் இருந்தவரைக்கும் அவரிடமே இதைக் கேட்டிருக்கிறார். "அவன் வேல அவங்க கணக்கு. நம்ம நோட்டுல அது இல்ல" என்று மட்டும் சொல்வார்.

டல்லஸிலிருந்து வந்த பிறகு அந்த ஊர் ஆட்டத்தைப் பற்றித் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. அப்படிப் படித்ததில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. நியூ ஆர்லியன்ஸ் அணியில் 2009 முதல் 2011 வரை, எதிராளியை ஆட்டத்தை விட்டு வெளியேற வைக்கும் அடிக்குப் பணம் கொடுக்க ஒரு பொதுப் பணம் வைத்திருந்தார்கள் என்று என்.எஃப்.எல். 2012-ல் கண்டுபிடித்து அறிவித்தது. தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனை 2012 சீசன் முழுக்க விலக்கி வைத்தார்கள். தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்த கிரெக் வில்லியம்ஸுக்குக் காலவரையற்ற தடை, அடுத்த வருஷம் நீக்கப்பட்டது. இதற்கு நடுவில் ஒரு ஒலிப்பதிவு வெளியே வந்தது. 2012 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவோடு ஆட வேண்டிய முக்கியமான ஆட்டத்துக்கு முந்தின இரவு, அதே வில்லியம்ஸ் தன் ஆட்களிடம் பேசியது. எதிராளிகளில் யாருக்கு ஏற்கெனவே தலையில் அடிபட்டிருக்கிறது, யாருடைய முட்டி நார் பழுதானது என்று சொல்லி, அங்கே போகச் சொல்கிறார். வைக்கோல்போருக்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்திருந்த அதே கூட்டம்தான் அது, ஓட்டல் அறையில் நடந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் நியூ ஆர்லியன்ஸ் 36-32 என்று தோற்றது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த லீக்கில் எந்த வீரருக்கு உடம்பில் எங்கே அடிபட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு அணியும் வாராவாரம் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். முட்டி, தோள், கணுக்கால் என்று பெயரோடு பட்டியல் வரும். அங்கே மறைக்கும் கால் என்று ஒன்று கிடையாது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆகவே தப்பு தெரிந்துகொள்வதில் இருக்க முடியாது. மாஸ்டரும் எங்களைத் தெரியாதவர்களாக ஆக்க முயலவில்லை. அவன் வலது பக்கம் மட்டுமே திரும்புவான் என்பதை வைத்து வியூகம் போட்டவர் அவர்தான். அந்தப் பழக்கமே அந்த முட்டியால் வந்தது என்று தெரிந்த பிறகும் அதை விடவில்லை.

இது சுத்தமான கோடு இல்லை என்று எனக்குத் தெரியும். ஊமைக்காயத்தால் வந்த பழக்கத்தைப் பயன்படுத்தலாம், காயத்தைத் தொடக் கூடாது என்றால் கொஞ்சம் வக்கீல் வாதம் போலத்தான் இருக்கிறது. ரைட் கார்னர் கேட்பதும் அதுதான். நான் அவருக்குச் சொல்கிற பதில் இது. ஏழாம் நம்பர் வலது பக்கம் திரும்புகிறான் என்பது அவன் எங்களிடம் ஆடிக் காட்டியது. இரண்டாவது பாதியில் அவன் செய்த மாதிரி அதை மாற்றிக்கொள்ள அவனுக்கு வழி இருந்தது. ஆட்டம் என்பதே அந்தப் பேச்சுவார்த்தைதான்: நீ காட்டு, நான் பார்க்கிறேன், நான் பார்த்ததை நீ பார், மாற்று. முட்டி அப்படி இல்லை. அதை அவனால் அந்த ராத்திரி மாற்ற முடியாது. அங்கே கை வைத்தால் பதில் சொல்ல அவனுக்கு ஒன்றுமே இருக்காது. அதற்குப் பிறகு நடப்பதற்குக் கபடி என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. அவர் இதைக் கேட்டுவிட்டு, "நீ பெஞ்சில இருந்தவன், பேசுவ" என்பார். அதுவும் சரிதான்.

அந்த நோட்டில் எழுதாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்துப் போட்டிகளில் டீம் என்றால் தெரு. தெரு என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஒரு டீமைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே யாராவது ஒருத்தர், "அவனுங்க எந்த எடம் தெரியுமில்ல, மொறைச்சா அடங்கிடுவானுங்க" என்பார். மாஸ்டர் அதை என்னை எழுதவிட்டதே இல்லை. காரணமும் ஆட்டக்காரர் சொல்கிற காரணம்தான்: "எடத்தப் பாத்து எழுதினா ஆளப் பாக்க மாட்ட."

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதியில் ஈரானை 75-21 என்று வென்றது. அந்த அணியின் துணைத் தலைவர் கார்த்திகா கண்ணகி நகரைச் சேர்ந்தவர். நகரத்துக் கூவக்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை, 2000 வாக்கில் தொடங்கி, துரைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்ட இடம் அது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகப் போனால் ஒரு மணி நேரம். அங்கேயிருந்து வேலைக்குப் போகிற பலர் விண்ணப்பத்தில் வேறு முகவரி எழுதியிருக்கிறார்கள். கண்ணகி நகர் என்று எழுதினாலே எதிரில் உட்கார்ந்திருப்பவர் எடை போட்டு முடித்துவிடுவார் என்பதால். வாழ்நாள் முழுக்க மறைத்துக்கொண்டு நடக்க வேண்டிய கால் சில பேருக்கு முகவரியிலேயே இருக்கிறது. அந்தப் பெண் பெயருக்கு முன்னால் இன்றைக்குப் பத்திரிகைகள் அந்த ஊரைச் சேர்த்தே எழுதுகின்றன.

போன மாதம் மாடம்பாக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மைதானத்தில் சில பையன்களைப் பார்த்தேன். எதிராளி டீமின் ஆட்டத்தை யாரோ போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். அதை நிறுத்தி நிறுத்தி, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்து வருஷத்தில் பார்த்ததை அவர்கள் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டார்கள். அதில் ஒரு பையன், "அண்ணா, இவனப் பாருங்க, எறங்கறப்ப வலிக்குது இவனுக்கு, மொகத்த பாருங்க" என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். உண்மைதான். சோத்துக்கால் கணுக்காலில் எடை வைக்கும்போது அந்த முகம் ஒரு நொடி சுருங்கி, உடனே நேராகிறது. என் கண்ணுக்கு அது தப்பியிருக்கும்.

"நல்ல கண்ணுடா உனக்கு" என்றேன். "இவன் எந்தக் கால முன்னாடி வெச்சி வரான், அதச் சொல்லு மொதல்ல."

அவன் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.